கல்யாணப் பத்திரிகை ஏபிகே முதல் கிணற்று மோட்டார் வரை: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். பணம் போனவரின் கேள்வி காத்திருக்கக் கூடாது என்பதால் அதுவே முதலில்.

என் கணவரின் போனுக்குத் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. தொட்டுப் பார்த்தார், ஒன்றும் திறக்கவில்லை. மறுநாள் காலையில் கணக்கிலிருந்து இரண்டு தடவையாகப் பணம் போயிருக்கிறது. ஓடிபி யாருக்கும் சொல்லவில்லையே, எப்படிப் போனது? திரும்பக் கிடைக்குமா?
— வாசகி, அரூர்

வந்தது பத்திரிகை இல்லை அம்மா, ஒரு செயலி. கோப்பின் பெயர் எதில் முடிகிறது என்று பாருங்கள். படம் என்றால் ஜேபிஜி, பத்திரிகை என்றால் பெரும்பாலும் பிடிஎஃப். ஏபிகே என்று முடிந்தால் அது போனில் நிறுவப்படும் செயலி. தொட்டவுடன் 'தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா?' என்று போன் கேட்டிருக்கும். பிறகு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கும். பத்திரிகையைப் பார்க்கும் ஆவலில் எல்லாவற்றுக்கும் 'சரி' அழுத்தியிருப்பார். அதன்பின் ஓடிபியை யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை அந்தச் செயலியே படித்து வெளியே அனுப்பிவிடும். பிஎம் கிசான் தவணை, போக்குவரத்து அபராதம், மின் கட்டண பாக்கி என்று பெயர் மட்டும் மாறும், உள்ளே நடப்பது இதுதான். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததற்குக் காரணம், அவர் போனும் இதேபோல் சிக்கியிருப்பதுதான். இப்போது உங்கள் கணவர் எண்ணிலிருந்தும் மற்றவர்களுக்குப் போயிருக்கலாம். சொந்தக்காரர்களுக்கு உடனே போன் போட்டுச் சொல்லுங்கள்.

முதல் வேலை, அந்த போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையையும் அணைப்பது. அடுத்த நிமிடமே வேறொரு போனிலிருந்து 1930-க்கு அழையுங்கள். இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். கையில் நான்கு விவரம் இருக்கட்டும்: கணக்கு எண், போன தொகை, போன நேரம், பரிவர்த்தனை எண். யூபிஐ வழியாகப் போயிருந்தால் பரிவர்த்தனை எண் 12 இலக்கம். வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியிலோ கணக்குப் பட்டியலிலோ இருக்கும். திருடிய பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, அங்கிருந்து மூன்று நான்காகப் பிரிந்து, கடைசியில் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். 1930-ல் பதிவானதும் பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அந்தத் தொகையை முடக்கச் சொல்லி வங்கிக்குத் தகவல் போகிறது. நோட்டாகிவிட்ட பிறகு முடக்க ஒன்றும் இருக்காது. முதல் ஒரு மணி நேரம் முக்கியம் என்று எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதே சூட்டில் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் வங்கி எண்ணுக்கு அழைத்து கார்டு, யூபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். வங்கி எண்ணை கூகுளில் தேடாதீர்கள், போலி எண்கள் அங்கே நிறைய உலவுகின்றன. பிறகு கிளைக்கு நேரில் போய் எழுத்துமூலம் புகார் கொடுத்து, தேதியும் நேரமும் போட்ட ஒப்புகை வாங்குங்கள். இந்த நேரத்துக்கு மதிப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் தவறு இல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பொறுப்பு இல்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்றால், தெரிவிக்கும்வரை போன பணம் அவர் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் தலையில். ஏபிகே விவகாரத்தில் வங்கி 'கவனக்குறைவு' என்றுதான் வாதிடப் பார்க்கும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. தகவலுக்கு 14448.

1930-ல் சொன்னதோடு நிற்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ முறையான புகாரையும் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக, போனைச் சுத்தம் செய்வது. இந்தச் செயலிகள் தங்கள் சின்னத்தை மறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய்ப் பார்த்தால் 'சிஸ்டம் அப்டேட்' மாதிரி ஒரு பெயரில் இருக்கும். நீக்கப் பார்த்தால் மறுக்கும். அப்போது பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் சேஃப் மோடு வரும், அதில் நாம் நிறுவிய செயலிகள் ஓடாது. அதில் டிவைஸ் அட்மின், அக்சஸிபிலிட்டி இரண்டிலும் அந்தப் பெயரை அணைத்துவிட்டு நீக்குங்கள். எங்களைக் கேட்டால், படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதே நல்லது. ஆனால் புகாருக்குத் தேவையான ஸ்கிரீன்ஷாட்டுகளை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தபின் ##002# அழைத்தால் உங்களுக்குத் தெரியாமல் வைத்த கால் ஃபார்வர்டு (அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்புவது) எல்லாம் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைப் பார்த்து, தெரியாததை வெளியேற்றிவிட்டு, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு, 'உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, வீடியோ காலை அணைக்கக் கூடாது' என்று போலீஸ் உடையில் ஒருவர் மிரட்டினார். பயந்துபோய்விட்டார். உண்மையிலேயே இப்படிக் கைது செய்ய முடியுமா?
— வாசகர், பென்னாகரம்

முடியாது. இந்தியச் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். எந்தக் காவல் அதிகாரியும் வீடியோ காலில் விசாரித்து, 'சரிபார்க்க' என்று பணத்தை அனுப்பச் சொல்ல மாட்டார்.

மிரட்டுபவரின் பலம் முழுவதும் 'யாரிடமும் சொல்லாதே' என்ற ஒரு கட்டளையில் இருக்கிறது. ஆகவே அம்மாவுக்குச் சட்டம் விளக்குவதைவிட ஒரு பழக்கம் சொல்லிக் கொடுங்கள்: காலை வெட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவது. மகனுக்கு ஒரு போன் போட்டால் அதோடு மிரட்டல் முடிந்தது. பணம் போகாவிட்டாலும் அந்த எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதியில் புகார் செய்யலாம்.

பொங்கலுக்கு எங்கள் ஊரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமென்ட். வெளியூரில் வேலைக்குப் போன பையன்களும் பார்க்கும்படி யூடியூபில் நேரலை செய்ய நினைக்கிறோம். கையில் இருப்பது இரண்டு போன்களும் ஒரு ஸ்டாண்டும்தான். போன வருடம் முயன்று பாதியில் நின்றுவிட்டது.
— இளைஞர் குழு, காவேரிப்பட்டணம்

இரண்டு போனும் ஒரு ஸ்டாண்டும் போதும். பாதியில் நின்றதற்குப் பெரும்பாலும் டேட்டாதான் காரணம். கணக்கைப் பாருங்கள். 720பி தரத்தில் நேரலைக்கு நொடிக்கு ஏறக்குறைய 4 மெகாபிட் மேலே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி, மொத்தம் 14,400 மெகாபிட். எட்டால் வகுத்தால் 1,800 எம்.பி., அதாவது 1.8 ஜி.பி. தினமும் 1.5 ஜி.பி. தரும் பேக் ஐம்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் வேகம் சுருங்கி, படம் உறைந்து நிற்கும். ஆறு மணி நேரம் ஆட்டம் என்றால் 11 ஜி.பி. வேண்டும். மைதானத்தில் 5ஜி சிக்னல் இருந்து, உங்கள் பேக்கில் 5ஜி வரம்பில்லாமல் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் டேட்டா பூஸ்டர் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

அடுத்தது வேகம். ஸ்பீட் டெஸ்டில் எல்லோரும் டவுன்லோடைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அப்லோடு, குறைந்தது 8 எம்பிபிஎஸ். அதையும் ஆளில்லாத காலை நேரத்தில் சோதித்துவிட்டு நம்பாதீர்கள். முந்நூறு பேர் கூடி அத்தனை பேரும் போனை எடுத்துவிட்டால் அதே டவர்தான் எல்லோருக்கும் பங்கு. இரண்டு நிறுவனத்தின் சிம்மும் கையில் இருக்கட்டும். சிம் இல்லாத ஒரு போனில் நேரலை, இன்னொரு போன் ஹாட்ஸ்பாட் என்று வைத்துக்கொண்டால் நேரலை போகும் போனுக்கு அழைப்பு வந்து கெடுக்காது.

போனிலிருந்து நேரலை செய்ய சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும், நடத்துபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். முதல்முறை நேரலை வசதியை இயக்கினால் செயல்பாட்டுக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். போகி அன்றே இயக்கிவிடுங்கள், டாஸ் போடும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்டாண்டை பவுலரின் கைக்கு நேர் பின்னால், எல்லைக் கோட்டுக்கு வெளியே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். டிராக்டர் டிரெய்லர் மேல் வைத்தால் சரியாக வரும். போன் வெயிலில் காயக் கூடாது. சார்ஜ் ஏறிக்கொண்டே, நேரலை போய்க்கொண்டே, மேலே வெயிலும் அடித்தால் அரை மணி நேரத்தில் சூடேறி கேமரா தானாக நின்றுவிடும். அட்டைப்பெட்டியை வெட்டி மேலே ஒரு கூரை கட்டுங்கள், பின்பக்கம் காற்றுப் போகட்டும். போன் உறையையும் கழற்றிவிடுங்கள். காலர் மைக்குக்கு பஞ்சு உறை இல்லையென்றால் காற்றிரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது.

இன்னொரு முக்கியமான விஷயம், மைக் செட்டில் ஓடும் சினிமாப் பாட்டு. பதிப்புரிமைப் பாட்டை யூடியூப் தானாகவே கண்டுபிடித்து நேரலையை நிறுத்திவிடக்கூடும். ஓவருக்கு நடுவே பாட்டுப் போடாமல் ஊர்ப் பம்பையையும் மேளத்தையும் வையுங்கள், கேட்கவும் நன்றாக இருக்கும். 'ஸ்பான்சர் தருகிறோம்' என்று பந்தய ஆப்காரர்கள் வந்தால் பேனரையே கட்டவிடாதீர்கள். காரணத்தை அடுத்தடுத்த பதில்களில் பாருங்கள்.

பக்கத்து வீட்டு டிவியில் விக்கெட் விழுந்து சத்தம் போட்டு முடித்த பிறகுதான் என் போனில் பவுலர் ஓடிவருகிறார். நெட் வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன்?
— பள்ளி மாணவர், ஊத்தங்கரை

வேகத்துக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. இணையத்தில் வீடியோ ஆறு மாதிரி ஓடிவருவதில்லை. சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கித்தான் அனுப்புவார்கள். நடுவில் சிக்னல் தடுமாறினாலும் படம் நிற்காமல் இருக்க, உங்கள் போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே முதல் துண்டைக் காட்டும். ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனியாக நறுக்குவதற்கும் நேரம் பிடிக்கும். எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடம்கூட ஆகிவிடும். டிஷ் வழியாக வரும் படம் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பினாலும், அந்தப் பயணத்துக்கு ஆவது கால் நொடிதான். ஸ்கோர் ஆப் உங்களை முந்துவதற்கும் காரணம் இதுவே. 'விக்கெட்' என்ற செய்தி சில எழுத்து, நொடியில் வந்துவிடும். ஆட்டம் பார்க்கும்போது ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பை அணைத்துவையுங்கள். ஜன்னலையும் சாத்தினால் நிம்மதி.

இந்த அரை நிமிடத்தை வைத்துத்தான் 'அடுத்த பந்து என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்' என்று டெலிகிராம் குழுக்களில் வலை விரிக்கிறார்கள். மைதானத்தில் நடந்து முடிந்ததை உங்கள் திரைக்கு வரும் முன் சொல்வது ஜோசியம் இல்லை.

என் மகன் ஆன்லைன் விளையாட்டில் பணம் கட்டி விட்டுவிட்டான். தடை வந்துவிட்டது என்றார்கள், ஆனால் இன்னும் ஏதோ ஒரு ஆப்பில் ஆடுகிறான். போலீஸில் சொன்னால் அவனைப் பிடிப்பார்களா?
— தாய், பர்கூர்

பயப்படாமல் சொல்லலாம். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்கிறது. திறமை விளையாட்டு, அதிர்ஷ்ட விளையாட்டு என்ற பேதம் அதில் இல்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. பெரிய இந்திய நிறுவனங்கள் அப்போதே பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

உங்கள் மகன் ஆடுவது அநேகமாக வெளிநாட்டிலிருந்து நடக்கும் தளம். அங்கே பணம் கட்டும்போது நிறுவனத்தின் பெயர் வராமல் யாரோ ஒரு தனிமனிதரின் யூபிஐ பெயர் வருகிறதா என்று பாருங்கள். அது வாடகைக்கு எடுத்த கணக்கு. மகன் 'ஜெயித்த' பணமும் அப்படியொரு கணக்கிலிருந்துதான் வரும். அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருந்தால் அவர் 1930-ல் புகார் செய்த அன்று உங்கள் மகனின் கணக்கும் முடங்கும். கல்லூரி உதவித்தொகையோ சம்பளமோ அதே கணக்கில் வந்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும். இதை அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள், திட்டுவதைவிட இது உறைக்கும். விட முடியாமல் தவிக்கிறான் என்றால் டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

தொப்பூர் கணவாயில் கண்ணெதிரே விபத்து. 108-க்கு அழைத்தபோது 'எந்த இடம்?' என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சிக்னலும் விட்டுவிட்டு வந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?
— சரக்கு வாகன ஓட்டுநர், தருமபுரி

'தொப்பூர் கணவாய்' என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸுக்குப் போதாது. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எந்தப் பக்கச் சாலை, சேலம் நோக்கி இறங்குவதா, தருமபுரி நோக்கி ஏறுவதா? நடுவில் தடுப்பு இருப்பதால் எதிர்ப்பக்கம் வந்து சேரும் வண்டி சுற்றித்தான் வர வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண். கல் தெரியவில்லையென்றால் இரட்டைப் பாலத்துக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்லுங்கள்.

ஜிபிஎஸ் வேலை செய்ய இணையம் தேவையில்லை, வானம் தெரிந்தால் போதும். மேப்பைத் திறந்து நீலப் புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 11.9, 78.0 என்று தொடங்கும் இரண்டு எண்கள் வரும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை படித்துச் சொன்னால் பதினோரு மீட்டர் வித்தியாசத்துக்குள் இடம் தெரிந்துவிடும். தினமும் அந்த வழியில் போகிறவர் வீட்டில் வைஃபை இருக்கும்போதே சேலம்–தருமபுரிப் பகுதி மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாமல் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டினால் 112-ஐ அழையுங்கள். அது வேறு நிறுவனத்தின் டவர் வழியாகப் போகும். சாலையை மறித்து லாரி கிடந்தால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கும் சொல்லுங்கள். உதவி செய்தவரைக் காவல் நிலையத்துக்கு அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவே சொல்கிறது. பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

மேப் 'வேகமான வழி' என்று காட்டும். இறக்கம் எவ்வளவு செங்குத்து என்று அதற்குத் தெரியாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் வண்டியின் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும், பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். ஏற எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு காரில் தினமும் போய்வருகிறேன். ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் லாபமா?
— வாசகர், ஓசூர்

2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்குத் தொடங்கியபோது 200 பயணம் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது வரை என்று வைத்தார்கள். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் போவது ஒன்று, வருவது ஒன்று. ஆக 100 வேலை நாளில் பாஸ் தீர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். தொடங்கிய விலையில் பயணத்துக்கு 15 ரூபாய்தான் ஆனது. சொந்த கார், ஜீப், வேனுக்கு மட்டும். மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் செல்லாது. ராஜ்மார்க்யாத்ரா செயலியிலோ நெடுஞ்சாலை ஆணையத்தின் இணையதளத்திலோ மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் 'பாஸ் லிங்க்' எதையும் தொடாதீர்கள்.

போர்வெல்லிலும் கிணற்றிலும் தனித்தனி மோட்டார். இரண்டுக்கும் போனிலிருந்தே போட்டு நிறுத்தும் மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறோம். சில நாள் ஆன் ஆவதில்லை, சில நாள் யாரும் போடாமலே ஓடுகிறது. போன மாதம் தண்ணீர் இல்லாமல் ஓடி காயில் எரிந்துவிட்டது.
— விவசாயி, பாலக்கோடு

மூன்றுக்கும் மூன்று காரணம்.

ஆன் ஆகாததற்கு முதலில் சிம்மைப் பாருங்கள். ரீசார்ஜ் முடிந்த சிம்மை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. பழைய பெட்டிகளில் இருப்பது 2ஜி மாட்யூல். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம் அதில் எடுக்கவே எடுக்காது. 2ஜி இருக்கும் நிறுவனத்தின் சிம் போடுங்கள், அல்லது 4ஜி பெட்டியாக மாற்றுங்கள். தகரக் கதவுள்ள பெட்டி என்றால் ஆன்டெனா வெளியே இருக்க வேண்டும்.

தானாக ஓடுவதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. பெட்டி 'ஆட்டோ'வில் இருந்தால் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே எடுத்துவிடும். அல்லது அனுமதி எண்கள் பதிவாகாமல் இருந்தால் லோன் வேண்டுமா என்று கேட்டு வரும் அழைப்பே மோட்டாரைப் போட்டுவிடும். கையேட்டைப் பார்த்து வீட்டில் உள்ள இரண்டு மூன்று எண்களை மட்டும் பதிந்து மற்றவற்றைத் தடுத்துவிடுங்கள்.

காயில் எரிந்தது, தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் அளவைத் தப்பாக வைத்ததால். கடையில் வைத்துக் கொடுத்த அளவு உங்கள் போருக்குப் பொருந்தாது. தண்ணீர் முழுதாகக் கொட்டும்போது பெட்டியில் காட்டும் ஆம்பியரை எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் அறுந்து காற்றும் நீருமாகத் துப்பும்போது என்ன காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். முதலாவது 7.5, இரண்டாவது 5 என்று வந்தால் நடுவில் 6.2 போல் வைத்தால் சரியாக நிறுத்தும். இந்த அளவை மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பாருங்கள். நிறுத்திய பின் மறுபடி எடுக்கும் இடைவெளியை உங்கள் போர் ஊறும் நேரத்துக்கு ஏற்ப வையுங்கள். ஊற ஒரு மணி நேரம் ஆகும் போரில் பத்து நிமிட இடைவெளி வைத்தால் மோட்டார் வெறுமனே துடித்துத் துடித்து நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கிணற்றில் ஒருவர் இறங்கி ஃபுட் வால்வைக் கழற்றிக்கொண்டிருப்பார். அது தெரியாமல் வீட்டிலிருந்து மகன் போனில் மோட்டாரைப் போட்டுவிடுவான், அல்லது ஆட்டோவில் அதுவே எடுத்துவிடும். செயலியில் 'ஆஃப்' என்று காட்டுவதை நம்பி யாரையும் இறக்காதீர்கள். மெயின் சுவிட்சைக் கீழே தள்ளி, பியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி, கிணற்றில் இறங்குகிறவரே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் மேலே ஏறி வந்து தன் கையால் திரும்ப மாட்டும்வரை பெட்டியை யாரும் தொடக் கூடாது. வெளியூர் போன மகனுக்கும், வீட்டில் போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் அன்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.